பதினோரு பேர்ல முதல் பேர் யாரு?

காசு இருக்கு. மைதானம் இருக்கு. ஜெர்ஸி கூட அடிச்சாச்சு. ஆள் மட்டும்தான் இல்ல. பூஜ்யத்துல இருந்து ஒரு கால்பந்து டீம் கட்டணும்னு வைங்க. முதல்ல எந்த இடத்துக்கு ஆள் எடுப்பீங்க?

ஹாஸ்டல் மெஸ்ஸுல பத்து பேர்கிட்ட கேட்டுப் பாருங்க. எட்டு பேர் யோசிக்காம ஸ்ட்ரைக்கர்ம்பாங்க. ஒருத்தர் கொஞ்சம் விவரமா "நம்பர் 10"ம்பார். மிச்சம் ஒருத்தர் சாம்பார் வருதான்னு பார்த்துக்கிட்டு இருப்பார்.

என் பதில் சென்டர் பேக். அவனுக்கு அடுத்து, அவனுக்கு முன்னாடி நின்னு பந்தைப் பறிக்கிற டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர். மூணாவது கோல் கீப்பர். ஸ்ட்ரைக்கர் நாலாவதுதான். "என்னடா பஸ்ஸைக் கொண்டுபோய் கோல் முன்னாடி நிறுத்தச் சொல்றியா"ன்னு கேக்காதீங்க. நான் சொல்றது எப்படி ஆடணும்ங்கிறதைப் பத்தி இல்ல, யாரை முதல்ல தேடணும்ங்கிறதைப் பத்தி. ரெண்டும் வேற வேற.

கணக்குல இருந்து ஆரம்பிக்கிறேன். கிரிக்கெட்ல ஒரு ஃபீல்டர் கோட்டை விட்டா நாலு ரன் போகும். முன்னூறு ரன் அடிக்கிற ஆட்டத்துல நாலு ரன் பெரிய விஷயமே கிடையாது, அடுத்த ஓவர்ல வாங்கிடலாம். கால்பந்துல ஒரு மேட்சுக்கு ரெண்டு டீமும் சேர்ந்து அடிக்கிறதே ரெண்டரை, மூணு கோல்தான். இங்க ஒரு தப்போட விலை ஒரு கோல். ஒரு கோல்ங்கிறது பல நாள் மொத்த மேட்சு.

இப்போ ஸ்ட்ரைக்கரைப் பாருங்க. அஞ்சு வாய்ப்புல நாலை வானத்துக்கு அடிச்சுட்டு அஞ்சாவதை உள்ள போட்டா அவன் ஹீரோ, மறுநாள் பேப்பர்ல போட்டோ வரும். சென்டர் பேக் அஞ்சுல நாலைச் சரியா தடுத்துட்டு அஞ்சாவதுல வழுக்கினா அன்னைக்கு டீம் காலி. அவன் போட்டோவும் பேப்பர்ல வரும், வேற காரணத்துக்காக. ஆக ஸ்ட்ரைக்கரை அளக்கிறது அவனோட சிறந்த நிமிஷத்தை வெச்சு. சென்டர் பேக்கை அளக்கிறது அவனோட மோசமான நிமிஷத்தை வெச்சு. கையில ஒண்ணுமே இல்லாதப்போ முதல் காசை எங்க போடணும்? ஓட்டை விழுந்தா தாங்காத இடத்துலதானே?

இதை நான் புதுசா கண்டுபிடிக்கல. கிறிஸ் ஆண்டர்சன், டேவிட் சேலின்னு ரெண்டு பேர் 2013-ல கால்பந்து எண்களைப் பத்தி எழுதின புத்தகத்துல இதைத்தான் சொன்னாங்க. கூடைப்பந்து மாதிரி ஆட்டத்துல ஒரே ஒரு சூப்பர் ஸ்டார் டீமையே தூக்கிடலாம், கால்பந்துல பலவீனமான கண்ணிதான் ரிசல்ட்டை முடிவு பண்ணுதுங்கிறது அவங்க வாதம். இதுக்கு மூலம் மைக்கேல் கிரெமர்ங்கிற பொருளாதார அறிஞர் 1993-ல எழுதின "ஓ-ரிங்" கோட்பாடு. மெக்கானிக்கல்காரங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். 1986 ஜனவரியில சேலஞ்சர் விண்கலம் கிளம்பி ஒரு நிமிஷம் சொச்சத்துல சிதறிச்சே, அதுக்குக் காரணம் குளிர்ல விறைச்சுப்போன ஒரு ரப்பர் வளையம். மத்த பாகம் எல்லாம் எவ்வளவு உசத்தியா இருந்தாலும் வளையம் விட்டா விட்டதுதான். டீமோட வளையம் கோலுக்குப் பக்கத்துல இருக்கு.

சரி, தியரி போதும். நிஜமாவே பூஜ்யத்துல இருந்து கட்டின டீம் ஏதாவது இருக்கான்னு கேப்பீங்க. ஒண்ணு இல்ல, ஒரே வருஷத்துல எட்டு இருக்கு. 2014-ல ஐ.எஸ்.எல். ஆரம்பிச்சப்போ எட்டு டீமும் வெத்துப் பேப்பர்தான். ஆளுக்கொரு "மார்க்கீ" பிளேயர், அதாவது போஸ்டர்ல பெருசா போட ஒரு பெரிய பேர், எடுத்தாங்க. டெல்லிக்கு டெல் பியரோ. புனேக்கு ட்ரெஸெகே. மும்பைக்கு லியுங்பெரி. கோவாவுக்கு பிரெஸ். கொல்கத்தாவுக்கு லூயிஸ் கார்சியா. நம்ம சென்னையினுக்கு எலானோ. பார்த்தீங்களா, ஆறு பேரும் முன்னாடி ஆடுறவங்க. நார்த் ஈஸ்ட் மட்டும் காப்தெவிலான்னு 2010 உலகக் கோப்பை ஜெயிச்ச லெஃப்ட் பேக்கை எடுத்தாங்க. கேரளாக்காரங்க இன்னும் ஒரு படி மேல போய் டேவிட் ஜேம்ஸை எடுத்தாங்க. கோல் கீப்பர், வயசு 44, மேனேஜரும் அவரேதான். அப்போ சிரிக்காதவங்க யாரு?

என்ன ஆச்சு? டெல் பியரோ டீமு, ட்ரெஸெகே டீமு, லியுங்பெரி டீமு மூணும் அரையிறுதிக்கே வரல. லீக்ல முதலிடம் நம்ம சென்னையின். அதிக கோல் அடிச்சதும் நம்மாளுங்கதான். எலானோ எட்டு கோலோட கோல்டன் பூட் வாங்கினார். கேரளா 14 லீக் மேட்சுல அடிச்சது வெறும் 9 கோல். கடைசி இடத்துல தொத்திக்கிட்டு அரையிறுதிக்கு வந்தாங்க. அந்த அரையிறுதியில மோதினது இந்த ரெண்டு டீமும்தான்.

கொச்சியில முதல் மேட்சு, மூணுக்கு பூஜ்யம்னு வாங்கிக் கட்டிக்கிட்டோம். சென்னையில ரெண்டாவது மேட்சு, மூணு கோல் அடிச்சு சமன் பண்ணி எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் கொண்டு போனாங்க. அங்க கடைசி நேரத்துல ஸ்டீபன் பியர்சன் ஒண்ணைப் போட்டுட்டார். முடிஞ்சது. மொத்தத்துல 4-3. வீட்டு மைதானத்துல ஒரே ராத்திரி மூணு கோல் அடிக்க முடிஞ்ச டீம், கொச்சியில ஒரு ராத்திரி மூணு கோலைத் தடுக்க முடியாததால வெளிய போச்சு. அந்த வருஷம் வளரும் வீரர் விருது வாங்கினது யாரு? கேரளாவோட சென்டர் பேக் சந்தேஷ் ஜிங்கன்.

நியாயமா ஒண்ணைச் சொல்லிடணும், கேரளா கோப்பை ஜெயிக்கல. ஃபைனல்ல கொல்கத்தாகிட்ட கடைசி நிமிஷத்துல முகமது ரஃபீக் அடிச்ச ஒரே கோல்ல தோத்தாங்க. ஆனா 9 கோல் அடிச்ச டீம் ஃபைனல் வரைக்கும் போகலாம்ங்கிறதுதான் எனக்கு முக்கியம். லீக்ல 9 கோல் மட்டும் வாங்கின டீம் கடைசி இடத்துல முடிச்சதா எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

சென்னையின் ரசிகர்களுக்கு மருந்து 2018-ல கிடைச்சது. பெங்களூரு மைதானத்துல ஃபைனல். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்துலயே கோல் அடிச்சுட்டார். அதுக்கப்புறம் ரெண்டு கார்னர், ரெண்டு தலை முட்டு, ரெண்டு கோல். அடிச்சது மைல்சன் ஆல்வெஸ், நம்ம சென்டர் பேக்கு! 3-2-னு ஜெயிச்சு ரெண்டாவது கோப்பை. உயரமான சென்டர் பேக் எடுத்தா கார்னருக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் இலவசம்.

இப்போ பெரிய ஊருக்குப் போவோம். இந்த விவாதத்துல நான் எப்பவும் எடுக்கிற சீட்டு லிவர்பூல். 2013-14 சீசன்ல லிவர்பூல் அடிச்சது 101 கோல். சுவாரெஸ் மட்டும் 31, ஸ்டரிட்ஜ் 21. கோல் மழைன்னா கோல் மழை. ஆனா வாங்கினது 50. ரெண்டே ரெண்டு பாயின்டுல மான்செஸ்டர் சிட்டிகிட்ட லீக்கை விட்டாங்க. அந்த மே மாசம் கிறிஸ்டல் பேலஸ்கூட மூணு கோல் முன்னிலையில இருந்துட்டு கடைசி பத்துப் பதினொரு நிமிஷத்துல மூணையும் திருப்பி வாங்கி 3-3-னு முடிச்சாங்களே, அதைப் பார்த்தவங்களுக்கு நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவே வேண்டாம்.

அடுத்து 2018. ஜனவரியில டீமோட மூளைன்னு எல்லாரும் சொன்ன கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு வித்தாங்க. அதே ஜனவரியில 7.5 கோடி பவுண்டு கொடுத்து வான் டைக்கை வாங்கினாங்க. ஒரு டிஃபென்டருக்கு அதுவரைக்கும் யாரும் அவ்வளவு கொடுத்தது கிடையாது. "பைத்தியமா இவங்களுக்கு"ன்னு கேட்டவங்க நிறைய. மே மாசம் கீவ்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், கீப்பர் காரியஸ் கையால ரெண்டு கோல் போச்சு. (பாவம், மேட்சு நடுவுல தலையில அடிபட்டு அவருக்கு கன்கஷன் ஆகியிருந்ததுன்னு டாக்டருங்க பிறகு சொன்னாங்க.) ஜூலையில அலிசன் வந்தார். முந்தின சீசன்ல 38 கோல் வாங்கின டீம் 2018-19-ல வாங்கினது 22. சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சாங்க. அடுத்த சீசன்ல முப்பது வருஷமா கிடைக்காத லீக்கும் வந்தது. அந்த லீக்கை ஜெயிக்க அடிச்ச கோல் எவ்வளவு தெரியுமா? 85. தோத்த வருஷத்தை விட 16 கம்மி!

சலாவும் மானேயும் ஃபிர்மினோவும் இல்லாம இது நடந்திருக்குமான்னு கேப்பீங்க. நடந்திருக்காது. ஆனா அந்த மூணு பேரும் 2017-18-லயும் இருந்தாங்களே. அந்த வருஷம் சலா 32 லீக் கோல் அடிச்சார், டீம் நாலாவது இடம். என்ன சேர்ந்ததால கோப்பை வந்ததுன்னு பார்த்தா பின்னாடிதான் கை காட்டணும்.

வான் டைக் இல்லைன்னா என்ன ஆகும்ங்கிறதையும் விதி சோதிச்சுக் காட்டிச்சு. 2020 அக்டோபர்ல எவர்ட்டனோட மேட்சுல முழங்கால் போச்சு, அந்த சீசன் முழுக்க வெளிய. ஆன்ஃபீல்டுல வருஷக்கணக்கா தோக்காத டீம் 2021-ன் தொடக்கத்துல அதே மைதானத்துல தொடர்ந்து ஆறு லீக் மேட்சு தோத்தாங்க.

இந்த "ஆள் இல்லைன்னா என்ன ஆகும்"ங்கிற சோதனைதான் ஒரு இடத்தோட மதிப்பை அளக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல தராசு. இதை டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டருக்கு வெச்சா இன்னும் அழகா வரும்.

2003-ல ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கினாங்க, மகலேலேவைப் போக விட்டாங்க. ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல், பெக்காம்னு பேர் வாசிச்சாலே மூச்சு முட்டுற டீம். மகலேலே கேட்டது சம்பள உயர்வு. கொடுக்கல, அவர் செல்சிக்குப் போயிட்டார். அந்த சீசன்ல லீக்ல கடைசி அஞ்சு மேட்சும் தோத்து ரியல் நாலாவது இடம். அடுத்த லீக் கோப்பைக்கு 2007 வரைக்கும் காத்திருந்தாங்க. செல்சி? 2004-05-ல 38 மேட்சுல 15 கோல் மட்டும் வாங்கி லீக் ஜெயிச்சாங்க. அந்த 15 இன்னைக்கும் பிரீமியர் லீக் சாதனை. டெர்ரி, கர்வால்யோ, பின்னாடி செக், முன்னாடி மகலேலே. இன்னைக்கும் அந்த இடத்தைச் சிலர் "மகலேலே ரோல்"னுதான் சொல்றாங்க. மனுஷன் பேர் இடத்தோட பேராவே மாறிப் போச்சு!

லெஸ்டர் கதை ஊருக்கே தெரியும், அதனால சுருக்கமா. 2015-16-ல லீக் ஜெயிச்சாங்க. அடுத்த சீசன்ல வார்டி இருந்தார், மஹ்ரெஸ் இருந்தார், கான்டே மட்டும் செல்சிக்குப் போயிட்டார். லெஸ்டர் 12-வது இடம். செல்சி சாம்பியன். இன்னும் புதுசா வேணும்னா, 2024 செப்டம்பர்ல மான்செஸ்டர் சிட்டியோட ரோட்ரிக்கு முழங்கால் தசைநார் கிழிஞ்சது. தொடர்ந்து நாலு வருஷம் லீக் ஜெயிச்ச டீம். ஹாலண்ட் அதே இடத்துல, அதே உயரத்துல, முழுசா இருந்தார். அப்படியும் அந்த அக்டோபர் கடைசியில இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் 13 மேட்சுல ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சாங்க. அதே அக்டோபர்ல ரோட்ரி ஊன்றுகோலோட மேடை ஏறி பாலோன் தோர் வாங்கினார்.

இப்போ அதே சோதனையை ஸ்ட்ரைக்கருக்கும் வைக்கணும், இல்லைன்னா ஏமாத்து வேலை. ஆன்ரி 2007-ல ஆர்சனலை விட்டுப் போனார். அதுக்கு முந்தின சீசன்ல 68 பாயின்டு, அவர் போன அடுத்த சீசன்ல 83. கேன் 2023-ல டாட்டன்ஹாமை விட்டுப் போனார். எட்டாவது இடத்துல இருந்த டீம் அஞ்சாவதுக்கு வந்தது. ஆனா 2014-ல சுவாரெஸ் போனப்போ லிவர்பூல் ரெண்டாவதுல இருந்து ஆறாவதுக்கு விழுந்தாங்க. அதை மறைக்க முடியாது. ஸ்ட்ரைக்கர் போனா சில டீம் விழுது, சிலது எழுந்திருக்குது. நடு முதுகெலும்பு போனா எழுந்திருக்கிற டீமை நான் பார்க்கல.

அப்போ கீப்பரை ஏன் மூணாவதுல வெச்சேன்? செல்சியே பதில் சொல்லும். 2018-ல கெப்பாவுக்கு 7 கோடி பவுண்டுக்கு மேல கொடுத்தாங்க, கோல் கீப்பருக்கான உலக சாதனை விலை. சரியா வரல. ரெண்டு வருஷம் கழிச்சு அதுல மூணுல ஒரு பங்கு விலையில ரென்னுங்கிற பிரெஞ்சு கிளப்ல இருந்து எட்வார்ட் மென்டி வந்தார், 2021-ல சாம்பியன்ஸ் லீக் கையில. 2004-ல செக்கை வாங்கினதும் அதே ரென்ல இருந்துதான். (ரென்காரங்க மண்ணுல என்ன போடுறாங்கன்னு தெரியல.) மான்செஸ்டர் யுனைடெட் 1991-ல பீட்டர் ஷ்மைக்கேலை வாங்கினது சுமார் அஞ்சு லட்சம் பவுண்டுக்கு. நல்ல கீப்பர் முக்கியம், ஆனா தேடினா மலிவா கிடைப்பார், கிடைச்சா பத்து வருஷம் ஓடுவார். புஃபோன் 45 வயசு வரைக்கும் ஆடினார். அதோட கீப்பர்கிட்ட வர்ற பந்தோட தரத்தைத் தீர்மானிக்கிறதே முன்னாடி நிக்கிற ரெண்டு பேர்தான். அவங்க சரியா நின்னா முப்பது கெஜத்துல இருந்து வர்ற ஷாட்டு. இல்லைன்னா ஒத்தைக்கு ஒத்தை. ஒத்தைக்கு ஒத்தையில எந்தக் கீப்பரும் பாவம்தான்.

இதையெல்லாம் இப்போ எழுதக் காரணம் இருக்கு. எங்க டிபார்ட்மென்ட் டீம்ல ஆடின சீனியருங்க மொத்தமா பாஸாகிப் போயிட்டாங்க. டிபார்ட்மென்டுகளுக்கு இடையிலான போட்டிக்குப் புதுசா டீம் கட்டணும். நோட்டீஸ் போர்டுல ஒட்டின பேப்பர்ல பேர் எழுதினவங்கள்ல பாதிக்கு மேல "ஃபார்வர்டு". மிச்சப் பேர்ல பாதி "எங்க வேணாலும்" (ஃபார்வர்டுன்னு அர்த்தம்). கோல் கீப்பர்னு எழுதினவன் ஒருத்தன் கூட இல்ல. நல்லா ஆடுற நாலு பேரையும் முன்னாடி போடலாம், பின்னாடி யாரையாவது நிறுத்திக்கலாம்ங்கிறது இப்போ பேச்சு. அந்த "யாரையாவது"லதான் எனக்கு வயித்தெரிச்சல்.

இது தெருவுல இருந்தே வர்ற பழக்கம். ரெண்டு செங்கல்லை வெச்சு கோல் போஸ்ட் போட்ட நாள்ல இருந்து, குண்டா இருக்கிற பையனோ, இருக்கிறதுலயே சின்னவனோதான் கீப்பர். கொஞ்சம் ஓடத் தெரிஞ்சா பேக். பந்து யாருதோ அவன் ஃபார்வர்டு. பத்து வருஷம் அப்படி ஆடிட்டு காலேஜ் வந்தா, "நீ சென்டர் பேக் ஆடுறியா"ன்னு கேட்டா பையன் முகம் சுருங்குது. தண்டனை கொடுத்த மாதிரி பார்க்கிறான். நம்ம ஊர்ல தடுக்கிறவன்னா ஆடத் தெரியாதவன்.

தெரிஞ்சவன்தான் அங்க நிக்கணும்ங்கிறேன். நல்லா ஆடுற நாலு பேர்ல ரெண்டு பேரைப் பின்னால இழுங்க. அதுல வாய் அதிகமா இருக்கிறவன் சென்டர் பேக். ஆமா, வாய்தான். மைதானம் முழுக்க அவனுக்கு முன்னாடிதான் தெரியுது. "ஏறு", "விடு", "பின்னாடி ஆள்"னு கத்த வேண்டியது அவன்தான். கூச்சப்படுற பையன் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் அங்க வேண்டாம். நாலுல இன்னொருத்தன், நுரையீரல் பெருசா இருக்கிறவன், மிட்ஃபீல்டுல பந்து பறிக்க. வியாசர்பாடியில இருந்து வந்த தன்பால் கணேஷ் 2017-18-ல சென்னையினுக்குச் செஞ்ச வேலை அதுதான். அரையிறுதியில கோவாவோட ஒரு கோலும் அடிச்சார்ங்கிறது போனஸ்.

ஃபர்ஸ்ட் இயர் பசங்களை விங்ல விடுங்க. விங்ங்கிறது தப்பு பண்ண அனுமதி இருக்கிற இடம். அங்க பந்தை இழந்தா நம்ம கோல் அறுபது எழுபது கெஜம் தள்ளி இருக்கு. பத்து தடவை ட்ரிபிள் பண்ணி எட்டு தடவை மாட்டினாலும் ரெண்டு தடவை தாண்டினா போதும். பயம் இல்லாம ஆடுற வயசுக்கு ஏத்த வேலை. வியாசர்பாடியில இருந்தே வந்த நந்தகுமார் சேகர் விங்ல பறக்கிறதைப் பார்த்திருப்பீங்க.

ஃபுல்பேக் பத்தி அதிகம் கவலைப்படாதீங்க. லிவர்பூல் கோப்பை ஜெயிச்சப்போ ரெண்டு ஃபுல்பேக்குக்கும் சேர்த்துச் செலவு பண்ணது சுமார் 80 லட்சம் பவுண்டு. அதுவும் ராபர்ட்சன் ஒருத்தருக்கு. அலெக்ஸாண்டர் ஆர்னல்ட் சொந்த அகாடமிப் பையன், ஓசி. 2018-19-ல ரெண்டு பேரும் சேர்ந்து லீக்ல 23 கோலுக்குப் பாஸ் கொடுத்தாங்க. ஓடத் தெரிஞ்ச, சொன்னா கேக்கிற ரெண்டு பேர் எங்க டிபார்ட்மென்டுல கண்டிப்பா இருப்பாங்க. (சொன்னா கேக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம்.)

"மெஸ்ஸி வர்றேன்னா வேண்டாம்பியா"ன்னு ஒருத்தன் கேட்டான். நானே ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வருவேன். ஆனா மெஸ்ஸி 2023-ல இன்டர் மயாமிக்கு வந்தப்போ கூடவே யாரை அழைச்சுக்கிட்டாங்கன்னு பாருங்க. புஸ்கெட்ஸ், உலகத்துலயே விவரமான டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர். அந்த சீசன்ல லீக்ஸ் கப் ஜெயிச்சாங்க, ஆனா லீக்ல பிளே ஆஃபுக்கே போகல. பாரிஸ் இன்னும் நல்ல பாடம். 2017-ல நெய்மாருக்கு 22.2 கோடி யூரோ, கூட எம்பாப்பே, 2021-ல மெஸ்ஸியும் வந்தார். மூணு பேரும் இருந்த வரைக்கும் சாம்பியன்ஸ் லீக் கிடைக்கல. மூணு பேரும் போனப்புறம் 2025-ல மியூனிக்ல இன்டர் மிலானை 5-0-னு அடிச்சு வாங்கினாங்க. டெம்பேலேயும் துவேவும் பிரமாதமா ஆடினாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா அவங்களுக்குப் பின்னாடி விட்டீன்யா, மார்க்கின்யோஸ், டொனரும்மான்னு ஒரு நேர்கோடு இருந்தது. பந்து போனா முன்னாடி நிக்கிறவங்களும் ஓடி வந்து பறிச்சாங்க.

என் வாதத்துல எனக்கே உறுத்துற இடம் ஒண்ணு இருக்கு. கிளப்புக்குச் சரியா இருக்கிறது நாட்டுக்கும் சரியா இருக்கணும்னு இல்ல. ஐ.எஸ்.எல். கிளப்புங்க வெளிநாட்டு ஆட்களுக்கான இடத்தை முதுகெலும்புக்கும் ஸ்ட்ரைக்கருக்கும்தான் வெச்சுக்கிட்டாங்க. சென்டர் பேக்ல ஒருத்தன், மிட்ஃபீல்டுல ஒருத்தன், முன்னாடி ஒருத்தன். 2021-22-ல இருந்து மைதானத்துல நாலு வெளிநாட்டுக்காரர்தான்னு ஆனப்போவும் அந்த நாலும் நடுக்கோட்டுலதான் நின்னது. நம்ம பசங்களுக்குக் கிடைச்சது விங்கும் ஃபுல்பேக்கும். விளைவு? 2024 ஜூன்ல ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சுல, நாப்பது வயசுல, திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது. நாடு முழுக்க வலைவீசியும் வேற ஸ்ட்ரைக்கர் கிடைக்கல. ஆக இந்திய அணியை யாராவது பூஜ்யத்துல இருந்து கட்டச் சொன்னா என் வரிசையை அப்படியே தூக்கிக்கிட்டுப் போக மாட்டேன். அங்க பஞ்சம் எதுல இருக்கோ அதையும் பார்க்கணும்.

எங்க டிபார்ட்மென்டுல அந்தப் பஞ்சம் கிடையாது. ஸ்ட்ரைக்கர் ஒரு பேப்பர் நிறைய இருக்காங்க. பேப்பர்ல கோல் கீப்பர்னு ஒரு கட்டம் இன்னும் காலியா இருக்கு. கை நீளமா, ஹாஸ்டல்ல மாடியில இருந்து எறியிற சோப்பை ஒத்தைக் கையால பிடிக்கிற ஒருத்தன் செகண்ட் இயர்ல இருக்கான்னு எனக்குத் தெரியும். வாலிபால் ஆடுறவன். வெள்ளிக்கிழமைக்குள்ள அவனை மடக்கிடணும். சென்டர் பேக்குக்கு யாரைன்னு நீங்க சொல்லுங்க, ஃபார்வர்டுன்னு எழுதினவங்கள்ல இருந்தே சொல்லுங்க.